ஊர் ஊராகப் போனவர், பார்த்ததை எழுதி வைத்தவர்

உங்கள் பாட்டியின் பெயர் என்ன? உடனே சொல்லி விடுவீர்கள்.

பாட்டியின் அம்மா பெயர் என்ன? கொஞ்சம் யோசிப்பீர்கள். சிலருக்குத் தெரியும்.

அந்த அம்மாவுக்கு அம்மா யார்? அவர் எந்த ஊர்? என்ன வேலை செய்தார்? பெரும்பாலும் தெரியாது.

ஏன் தெரியவில்லை? அவர்கள் வாழாமல் இல்லை. உழைத்தார்கள். பிள்ளை பெற்றார்கள். நல்லது கெட்டது பார்த்தார்கள். ஆனால் அதை யாரும் எழுதி வைக்கவில்லை. சொன்னவர்கள் போய்விட்டார்கள். கேட்டவர்கள் மறந்துவிட்டார்கள்.

ஊருக்கும் இதே கதைதான். ஒரு மனிதருக்கு வாழ்க்கை வரலாறு இருப்பது போல ஒவ்வொரு ஊருக்கும் வரலாறு உண்டு. எழுதி வைத்தால் அது நிற்கும். இல்லாவிட்டால் போய்விடும்.

அப்படி எழுதி வைப்பதையே வாழ்நாள் வேலையாகக் கொண்ட ஒரு தமிழர் இருந்தார். அவர் ஊர் ஊராகப் போனார். நாடு நாடாகப் போனார். பார்த்ததை எழுதினார். படம் பிடித்தார். மற்றவர்கள் எழுதி மறந்துபோனதையும் தேடி எடுத்தார். அவர் பெயர் ஏ. கே. செட்டியார்.

அவரைப் பற்றித் தெரிந்துகொள்வோம். அதற்கு முன்னால் நம் வாசலை ஒரு முறை எட்டிப் பார்ப்போம்.

நாம் இருக்கும் இடம்

நாம் இருப்பது பெங்களூருவில், லிங்கராஜபுரத்தில். பக்கத்தில் கம்மனஹள்ளி. இன்னொரு பக்கம் பிரேசர் டவுன். ரயில் பாதை இருக்கிறது. அதற்கு மேலே மேம்பாலம் இருக்கிறது. தெருவில் தமிழ் கேட்கிறது. கன்னடம் கேட்கிறது. தெலுங்கு, மலையாளம், உருது எல்லாம் கேட்கின்றன.

இத்தனை மொழிக்காரர்கள் இங்கே எப்படி வந்தார்கள்? என்றைக்கு வந்தார்கள்?

கொஞ்சம் எழுத்தில் இருக்கிறது. 1809ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் பெங்களூருவில் படை முகாம் அமைத்தார்கள். அதைத்தான் தண்டு என்றும் கன்டோன்மென்ட் என்றும் சொல்கிறோம். படைக்குச் சமையல் செய்ய, துணி வெளுக்க, கட்டடம் கட்ட, கடை வைக்க ஆட்கள் வேண்டும். சென்னைப் பக்கத்திலிருந்தும் வட ஆர்க்காட்டுப் பக்கத்திலிருந்தும் தமிழர்கள் வந்தார்கள். 1864இல் ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூருவுக்கு ரயில் வந்தது. அதன் பிறகு வருவது இன்னும் எளிதாயிற்று.

1898இல் பெங்களூருவில் பிளேக் என்னும் கொள்ளை நோய் வந்தது. ஏராளமான மக்கள் மாண்டார்கள். நெருக்கமான தெருக்களில் நோய் வேகமாகப் பரவியது. அதனால் அகலமான தெருக்கள் உள்ள புதிய பகுதிகளை அமைத்தார்கள். பிரேசர் டவுன் அப்படி வந்த பகுதிதான். பிளேக் மாரியம்மனுக்குக் கோயில்கூட இந்த நகரத்தில் இருக்கிறது.

மெஜஸ்டிக் பேருந்து நிலையத்துக்குப் போயிருப்பீர்கள். அந்த இடம் ஒரு காலத்தில் தர்மாம்புதி என்ற ஏரி. கண்டீரவா விளையாட்டரங்கம் இருக்கும் இடமும் ஏரிதான். அதன் பெயர் சம்பங்கி ஏரி. தண்ணீர் நின்ற இடத்தில் இன்று பேருந்து நிற்கிறது. பந்து உருளுகிறது.

இதெல்லாம் நமக்கு எப்படித் தெரிந்தது? யாரோ எழுதி வைத்தார்கள். அதனால் தெரிந்தது.

சரி, உங்கள் தெருவில் முன்பு என்ன இருந்தது? வயலா? தோப்பா? குளமா? முதலில் வீடு கட்டியவர் யார்? இதை யார் எழுதி வைத்திருக்கிறார்கள்?

இந்தக் கேள்வியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் மறுபடியும் பார்ப்போம். இப்போது செட்டியாரின் கதைக்குப் போவோம்.

கோட்டையூர்ப் பிள்ளை

காரைக்குடிக்குப் பக்கத்தில் கோட்டையூர் என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே 1911ஆம் ஆண்டு நவம்பர் 4ஆம் நாள் ஏ. கே. செட்டியார் பிறந்தார். அவருடைய முழுப்பெயர் அண்ணாமலை கருப்பன் செட்டியார்.

அந்தப் பகுதியைச் செட்டிநாடு என்பார்கள். அங்குள்ள நகரத்தார் அந்தக் காலத்தில் கடல் கடந்து வியாபாரம் செய்தார்கள். பர்மா, மலேயா, இலங்கை என்று போனார்கள். கடன் கொடுத்து வாங்கும் தொழில் செய்தார்கள். பர்மா என்பது இன்றைய மியான்மர். மலேயா என்பது இன்றைய மலேசியா.

ஏ. கே. செட்டியாரும் பர்மாவுக்குப் போனார். ஆனால் அவர் மனம் வட்டிக் கணக்கில் நிற்கவில்லை. எழுத்தில் நின்றது. ரங்கூனில் ‘தனவணிகன்’ என்ற தமிழ்ப் பத்திரிகை வந்துகொண்டிருந்தது. அதற்கு அவர் ஆசிரியர் ஆனார். அப்போது அவருக்கு இருபது வயதுக்குக் கொஞ்சம் மேல்தான் இருக்கும்.

பிறகு அவருக்கு இன்னொரு ஆசை வந்தது. எழுதினால் மட்டும் போதாது, படம் எடுக்கவும் தெரிய வேண்டும் என்று நினைத்தார். ஜப்பான் நாட்டுக்குப் போனார். டோக்கியோ நகரில் படம் பிடிக்கும் கலையைக் கற்றார். அங்கிருந்து அமெரிக்காவுக்குப் போனார். நியூயார்க் நகரிலும் படித்தார்.

படிக்கப் போன இடத்தில் சும்மா இருக்கவில்லை. ஜப்பானைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அது 1936இல் வெளிவந்தது.

கப்பலில் வந்த எண்ணம்

1937ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள். செட்டியார் கப்பலில் போய்க்கொண்டிருந்தார். நியூயார்க்கிலிருந்து அயர்லாந்து நாட்டின் டப்ளின் நகருக்குப் பயணம். கப்பலின் பெயர் சமாரியா. சுற்றிலும் கடல்.

அக்டோபர் 2 என்ன நாள்? நமக்குத் தெரியும். காந்தி பிறந்த நாள்.

அன்று அவருக்கு ஓர் எண்ணம் வந்தது. காந்தியின் வாழ்க்கையைப் படமாக எடுத்தால் என்ன?

இந்த இடத்தில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். சினிமாவில் ஒருவர் காந்தி வேடம் போட்டு நடிக்கலாம். செட்டியார் நினைத்தது அது அல்ல. நடிகர் வேண்டாம். வேடம் வேண்டாம். உண்மையான காந்தி நடக்கும்போது, பேசும்போது, நூற்கும்போது எடுத்த படங்கள் வேண்டும். அவற்றைச் சேர்த்துக் கோக்க வேண்டும். இப்படி உண்மையைக் காட்டும் படத்துக்கு ஆவணப்படம் என்று பெயர்.

எண்ணம் நல்லதுதான். ஆனால் நிலைமை எப்படி இருந்தது?

செட்டியாருக்கு அப்போது இருபத்தாறு வயதுகூட முடியவில்லை. கையில் பெரிய பணம் இல்லை. நாட்டை ஆண்டவர்கள் ஆங்கிலேயர்கள். காந்தி அவர்களை எதிர்த்துப் போராடியவர். அவரைப் பற்றிப் படம் எடுத்தால் அரசு சும்மா இருக்குமா?

எல்லாம் அவருக்குத் தெரியும். இருந்தாலும் எடுப்பது என்று முடிவு செய்தார்.

படச்சுருள் தேடிய பயணம்

இன்று கையில் செல்பேசி இருக்கிறது. கல்யாணத்தைப் படம் எடுக்கிறோம். அடுத்த நிமிடம் ஊரில் இருக்கும் அண்ணனுக்கு அனுப்புகிறோம்.

அன்று அப்படி இல்லை. படம் எடுக்கப் பெரிய காமிரா வேண்டும். நீளமான படச்சுருள் வேண்டும். அதை மருந்தில் கழுவ வேண்டும். ஒரு படம் வேண்டும் என்றால் அது இருக்கும் இடத்துக்குப் போக வேண்டும். அல்லது கடிதம் எழுதி மாதக் கணக்கில் காத்திருக்க வேண்டும்.

காந்தியின் படங்கள் ஒரே இடத்திலா இருந்தன? இல்லை.

காந்தி 1893இல் தென்னாப்பிரிக்காவுக்குப் போனார். 1914 வரை பெரும்பாலும் அங்கேதான் இருந்தார். 1931இல் வட்டமேசை மாநாட்டுக்காக லண்டன் போனார். அங்கே துணி ஆலைத் தொழிலாளர்களைப் போய்ப் பார்த்தார். 1930இல் குஜராத்தில் உப்பு எடுக்கத் தண்டிக்கு நடந்தார். எங்கெங்கோ யார் யாரோ படம் எடுத்திருந்தார்கள். செய்திப்பட நிறுவனங்களில் சில சுருள்கள் இருந்தன. தனி மனிதர்களிடம் சில சுருள்கள் இருந்தன. சில பெட்டிகளில் தூங்கின.

செட்டியார் அவற்றைத் தேடிப் புறப்பட்டார். ஐரோப்பாவில் தேடினார். தென்னாப்பிரிக்காவுக்குப் போனார். இந்தியாவில் பல இடங்களுக்குப் போனார். கப்பலில் போனார். ரயிலில் போனார். கேட்ட இடத்தில் எல்லாம் கிடைக்கவில்லை. கிடைத்ததை விடவும் இல்லை.

1912இல் கோகலே என்ற தலைவர் தென்னாப்பிரிக்காவுக்குப் போனார். காந்தி அவருடன் ஊர் ஊராகச் சென்றார். அப்போது எடுத்த அசையும் படம்கூடச் செட்டியாருக்குக் கிடைத்தது.

கடைசியில் எவ்வளவு சேர்ந்தது தெரியுமா? ஐம்பதாயிரம் அடி நீளமுள்ள படச்சுருள். ஏறக்குறைய முப்பது ஆண்டுகளில் பல நாடுகளின் படப்பிடிப்பாளர்கள் எடுத்தவை அவை.

ஐம்பதாயிரம் அடி என்றால் எவ்வளவு? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். திரையில் ஒரு நிமிடம் ஓட 90 அடிச் சுருள் வேண்டும். அப்படியானால் 50,000 அடி ஓட ஒன்பது மணி நேரத்துக்கு மேல் ஆகும். அவ்வளவு நேரம் யார் உட்கார்ந்து பார்ப்பார்கள்? எனவே முக்கியமானதைத் தேர்ந்தெடுத்தார். 12,000 அடியாகச் சுருக்கினார். அது இரண்டே கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு.

அரிசியில் கல் பொறுக்குவது போன்ற வேலை இது என்று சிலர் நினைக்கலாம். அதைவிடக் கடினம். கல்லை எறிவது சுலபம். இங்கே நல்ல அரிசியையும் எடுத்து வைக்க வேண்டியிருந்தது.

படம் வந்தது

1940ஆம் ஆண்டு ஆகஸ்ட் 23ஆம் நாள் சென்னையில் படம் வெளியானது. தமிழில் விளக்கம் சொன்னார்கள். டி. கே. பட்டம்மாள் அதில் பாடினார். கப்பலில் எண்ணம் வந்து மூன்று ஆண்டுகள்கூட ஆகவில்லை. பிறகு தெலுங்கிலும் வந்தது.

அன்றைய மக்களை நினைத்துப் பாருங்கள். காந்தியின் பெயரை எல்லாரும் கேட்டிருந்தார்கள். சிலர் தூரத்தில் நின்று பார்த்திருந்தார்கள். பலர் பார்த்ததே இல்லை. இப்போது அவர் திரையில் நடந்தார்.

அது உலகப் போர் நடந்த காலம். ஆங்கில அரசின் கெடுபிடி அதிகம். 1942இல் ‘வெள்ளையனே வெளியேறு’ போராட்டம் வந்தது. தலைவர்கள் சிறைக்குப் போனார்கள். அந்தச் சூழ்நிலையில் இந்தப் படத்தைத் தாராளமாகக் காட்ட முடியுமா? முடியாது.

1947 ஆகஸ்டில் நாடு விடுதலை பெற்றது. அந்த நேரத்தில் டெல்லியில் இந்தி விளக்கத்துடன் படம் காட்டப்பட்டது. 1948 ஜனவரி 30ஆம் நாள் காந்தி சுட்டுக் கொல்லப்பட்டார். பிறகு 1953இல் அமெரிக்காவில் ஆங்கில விளக்கத்துடன் படம் தயாரானது.

படம் என்ன ஆனது?

இவ்வளவு பாடுபட்டு எடுத்த படம். இன்று நாம் பார்க்கலாமா?

இங்கேதான் வருத்தமான செய்தி. 1940இல் வெளியான அந்த முழுத் தமிழ்ப் படம் இன்று கிடைக்கவில்லை. உலகம் முழுதும் தேடிச் சேர்த்தவரின் படமே தொலைந்து போனது.

அந்தக் காலத்துப் படச்சுருள் எளிதில் தீப்பிடிக்கும். வெயிலிலும் ஈரத்திலும் கெட்டுப்போகும். குளிர்ச்சியான இடத்தில், காற்றுப் பதம் பார்த்து வைக்க வேண்டும். அந்தக் காலத்தில் அப்படிக் காக்கும் ஏற்பாடு நம்மிடம் அதிகம் இல்லை. பழைய தமிழ்ப் படங்கள் பல இப்படித்தான் போயின. சுருளில் இருக்கும் வெள்ளியைப் பிரித்து எடுப்பதற்காக விற்றுவிடுவதும் நடந்தது.

இருந்தாலும் முழுதும் இருட்டு இல்லை. ஆ. இரா. வேங்கடாசலபதி என்ற வரலாற்று ஆய்வாளர் இந்தப் படத்தைப் பல ஆண்டுகள் தேடினார். அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோ நகரில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஆங்கிலப் பிரதி இருந்தது. அதை அவர் கண்டுபிடித்தார். அது தமிழ்ப் படத்தை விடச் சுருக்கமானது. ஆனாலும் கிடைத்ததே பெரிது.

பாருங்கள். செட்டியார் காந்தியைத் தேடி அலைந்தார். அறுபது ஆண்டுகளுக்கு மேல் கழித்து இன்னொருவர் செட்டியாரின் படத்தைத் தேடி அலைந்தார். ஒரு தலைமுறை சேர்த்து வைப்பதை அடுத்த தலைமுறை காக்க வேண்டும். காக்காவிட்டால் மறுபடி முதலிலிருந்து தேட வேண்டும்.

படம் எடுத்த கதை மட்டும் எப்படி நிலைத்தது? அதைச் செட்டியார் எழுதி வைத்திருந்தார். அந்தக் கட்டுரைகள் ‘அண்ணல் அடிச்சுவட்டில்’ என்ற பெயரில் நூலாக வந்திருக்கின்றன. படம் தொலைந்தது. எழுத்து நின்றது.

உலகம் சுற்றும் தமிழன்

‘உலகம் சுற்றும் வாலிபன்’ படம் பலர் பார்த்திருப்பீர்கள். எம்.ஜி.ஆர். நடித்தது. 1973இல் வந்தது. அதற்கு 33 ஆண்டுகளுக்கு முன்பே ‘உலகம் சுற்றும் தமிழன்’ என்று ஒரு நூல் வந்துவிட்டது. 1940இல் வந்த அந்த நூலை எழுதியவர் ஏ. கே. செட்டியார். பிறகு அந்தப் பெயராலேயே மக்கள் அவரை அழைத்தார்கள்.

அவர் இன்னும் பல பயண நூல்களை எழுதினார். ‘மலேயா முதல் கனடா வரை’, ‘அமெரிக்க நாட்டிலே’, ‘கரிபியன் கடலும் கயானாவும்’ என்பவை அவற்றில் சில.

கயானா எங்கே இருக்கிறது? தென் அமெரிக்காவில் இருக்கிறது. அங்கே நம்மவர்களுக்கு என்ன வேலை?

முன்பு அங்கே கரும்புத் தோட்டங்களில் ஆப்பிரிக்க மக்களை அடிமைகளாக வைத்து வேலை வாங்கினார்கள். பிறகு அடிமை முறை ஒழிந்தது. தோட்ட முதலாளிகளுக்குக் கூலியாட்கள் வேண்டியிருந்தது. எனவே இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக ஆட்களைக் கப்பலில் ஏற்றினார்கள். 1838இல் தொடங்கியது. 1917 வரை நடந்தது. கல்கத்தாத் துறைமுகத்திலிருந்து நிறையப் பேர் போனார்கள். சென்னைத் துறைமுகத்திலிருந்தும் போனார்கள். அவர்களில் தமிழர்கள் உண்டு. பலர் திரும்பி வரவே இல்லை. கைநாட்டு வைத்துப் போனவர்கள் அவர்கள். ஊருக்குக் கடிதம் எழுதவும் தெரியாது. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் வாழும் நாட்டைத்தான் செட்டியார் போய்ப் பார்த்து எழுதினார்.

அவர் எழுத்து எப்படி இருக்கும்? எளிமையாக இருக்கும். சின்னச் சின்ன வாக்கியம். கடினமான சொல் இல்லை. தன்னைப் பற்றிப் பெருமை பேச மாட்டார். அங்கே என்ன சாப்பிடுகிறார்கள், என்ன வேலை செய்கிறார்கள், எப்படிப் பழகுகிறார்கள் என்று சொல்வார். பெரிய மாளிகையை மட்டும் பார்த்துவிட்டு வரும் ஆள் அல்ல அவர். சாதாரண மக்களோடு பேசுவார்.

எழுத்துக் கற்ற நமக்கு இது நல்ல பாடம். நன்றாக எழுதுவதற்குப் பெரிய சொல் தேவை இல்லை. கண்ணால் கவனமாகப் பார்க்க வேண்டும். பார்த்ததை உண்மையாகச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

பழைய எழுத்துகளைத் தேடியவர்

1943இல் செட்டியார் ‘குமரி மலர்’ என்ற மாத இதழைத் தொடங்கினார். போர்க்காலம் என்பதால் காகிதம் கிடைப்பதே கடினம். இருந்தாலும் தொடங்கினார். 1983இல் இறக்கும் வரை, நாற்பது ஆண்டுக் காலம், அதற்கு அவரே ஆசிரியர்.

அதில் ஒரு புதுமை செய்தார். பழைய பத்திரிகைகளைத் தேடினார். ஐம்பது ஆண்டு, நூறு ஆண்டு முன்னால் வந்த கட்டுரைகளை எடுத்தார். மறுபடி அச்சிட்டார். பாரதியார் எழுதி மறந்துபோன எழுத்துகளையும் வெளியிட்டார்.

பழைய காகிதம் எல்லாம் எதற்கு என்று சிலர் கேட்கலாம். பழைய காகிதத்தில்தான் பழைய வாழ்க்கை இருக்கிறது.

அவர் தொகுத்த இன்னொரு நூல் ‘தமிழ்நாடு’. அது 1968இல் வந்தது. தமிழ்நாட்டுக்குள் பயணம் செய்தவர்கள் பழைய காலத்தில் எழுதிய கட்டுரைகளைத் தேடிச் சேர்த்த பெரிய தொகுப்பு அது.

தமிழ்நாட்டில் முதல் ரயில் 1856இல் ஓடியது. ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. அதற்கு முன்னால் எங்கே போனாலும் மாட்டு வண்டி, அல்லது நடை. இரவில் சத்திரத்தில் தங்க வேண்டும். வழியில் திருடர் பயம். ஆற்றில் வெள்ளம் வந்தால் கரையில் காத்திருக்க வேண்டும். ரயில் வந்ததும் எல்லாம் மாறிற்று. வேறு வேறு சாதிக்காரர்கள் ஒரே பெட்டியில் உட்கார வேண்டியதாயிற்று. இப்படிப்பட்ட மாற்றங்களை அந்தந்தக் காலத்தில் வாழ்ந்தவர்கள் எழுதியதிலிருந்துதான் தெரிந்துகொள்கிறோம்.

நம் கர்நாடகத்தைப் பற்றியும் செட்டியார் எழுதினார். அவருடைய ‘குடகு’ என்ற நூல் குடகு நாட்டையும் அங்குள்ள மக்களையும் பற்றியது. குடகில்தான் தலைக்காவேரி இருக்கிறது. காவேரி அங்கே பிறக்கிறது. 1974 முதல் அந்த ஆற்றுத் தண்ணீர் நூறு கிலோமீட்டர் தூரம் குழாயில் ஏறிப் பெங்களூருவுக்கு வருகிறது. நாம் குடிக்கும் தண்ணீர் பிறக்கும் ஊரைப் பற்றித் தமிழில் எழுதியவர் என்பதால் அவர் நமக்கும் நெருங்கியவர்.

குடகைப் பற்றி வெளிநாட்டவர்களும் எழுதியிருக்கிறார்கள். ஹெர்மன் மோக்லிங் என்பவர் ஜெர்மனியிலிருந்து வந்த பாதிரியார். கன்னடத்தின் முதல் செய்தித்தாளை 1843இல் மங்களூருவில் தொடங்கியவர் அவர்தான். 1855இல் குடகைப் பற்றி ஒரு நூல் எழுதினார். தூர தேசத்திலிருந்து வந்தவர் நம் ஊரைப் பற்றி எழுதினார். அப்படியானால் ஊரில் இருக்கும் நாம் எழுதக் கூடாதா?

1983ஆம் ஆண்டு செப்டம்பர் 10ஆம் நாள் ஏ. கே. செட்டியார் காலமானார். அதன் பிறகும் அவருடைய நூல்கள் மறுபடி மறுபடி அச்சாகின்றன.

இன்னொருவர்

இதே வேலையைச் செய்த இன்னொருவரையும் சொல்ல வேண்டும். அவர் பெயர் சோமலெ. செட்டிநாட்டில் நெற்குப்பை என்ற ஊரில் 1921இல் பிறந்தார். 1986இல் காலமானார். அவரும் உலக நாடுகளைச் சுற்றினார். நூல்கள் எழுதினார்.

பிறகு அவர் பார்வை சொந்த நாட்டின் பக்கம் திரும்பியது. தமிழ்நாட்டு மாவட்டங்களைப் பற்றி ஒவ்வொன்றாக நூல் எழுதினார். எந்த ஊரில் எந்தச் சந்தை, எந்தத் தொழில், எந்தத் திருவிழா என்று சேர்த்துக் கொடுத்தார். உலகத்தைப் பார்த்தவருக்கும் உள்ளூர் சிறியதாகத் தெரியவில்லை.

நாமும் எழுதலாம்

இப்போது நம் வாசலுக்குத் திரும்புவோம்.

வரலாறு என்றால் ராஜா கதை, போர்க் கதை என்று நினைக்கிறோம். கெம்பே கவுடா பெங்களூருவைக் கட்டினார் என்று படிக்கிறோம். சரிதான். ஆனால் கல் சுமந்தவர் யார்? மண் குழைத்தவர் யார்? அவர்களுக்கும் பெயர் இருந்தது. அந்தப் பெயர்களை யாரும் எழுதவில்லை. அவர்களுக்கு எழுதவும் தெரியாது.

நமக்கு இப்போது எழுதத் தெரியும். அதுதான் வித்தியாசம்.

ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். உங்கள் தெருவில் வயதில் மூத்தவர் யார்? அவரிடம் போங்கள். ஓய்வாக இருக்கும் நேரம் பார்த்துப் பேசுங்கள். எழுதிக்கொள்ளலாமா என்று முதலில் கேளுங்கள். சம்மதம் இருந்தால் மட்டும் எழுதுங்கள்.

எதைக் கேட்கலாம்?

நீங்கள் எந்த ஊரிலிருந்து வந்தீர்கள்? ஏன் வந்தீர்கள்? முதலில் என்ன வேலை கிடைத்தது? அன்று என்ன கூலி? அரிசி என்ன விலை? வீட்டு வாடகை எவ்வளவு? தண்ணீர் எங்கே பிடித்தீர்கள்? மின்விளக்கு எப்போது வந்தது? இந்தக் கோயிலை, மசூதியை, சர்ச்சை யார் கட்டினார்கள்? எந்த மரம் இப்போது இல்லை?

ஆண்டு நினைவில்லை என்று அவர் சொல்லலாம். அதற்கு ஒரு வழி இருக்கிறது. எல்லாருக்கும் தெரிந்த சம்பவத்தை வைத்துக் கேளுங்கள். இந்திரா காந்தி இறந்தது 1984. அதற்கு முன்பா, பின்பா? இப்படிக் கேட்டால் ஆண்டு ஓரளவு பிடிபடும்.

வருத்தமான விஷயமும் வரும். 1991 டிசம்பரில் காவேரிப் பிரச்சினையால் பெங்களூருவில் கலவரம் நடந்தது. தமிழர்கள் பலர் பாதிக்கப்பட்டார்கள். அதைப் பற்றிப் பேச்சு வந்தால் மறைக்க வேண்டாம். ஆனால் இதையும் கேளுங்கள்: அன்று உங்களுக்கு யார் உதவினார்கள்? எந்த வீட்டில் சோறு கிடைத்தது? அடித்ததை மட்டும் எழுதினால் பாதி உண்மைதான் இருக்கும். காப்பாற்றியதையும் எழுதினால்தான் முழு உண்மை.

ஒருவர் சொன்னதை இன்னொருவரிடமும் கேட்டுப் பாருங்கள். இருவரும் வேறு வேறாகச் சொன்னால் இரண்டையும் எழுதுங்கள். ஊகத்தை உண்மை போல எழுத வேண்டாம். யார் சொன்னது, எந்த நாளில் சொன்னது என்று கீழே குறியுங்கள். கன்னடக்காரர், தெலுங்குக்காரர், உருது பேசுபவர் எல்லாரிடமும் கேளுங்கள். தெரு எல்லாருக்கும் சொந்தம். அதன் வரலாறும் எல்லாருக்கும் சொந்தம்.

பழைய போட்டோ இருந்தால் அதன் பின்னால் பெயரையும் ஆண்டையும் எழுதி வையுங்கள். பென்சிலால் எழுதுங்கள். பெயர் இல்லாத போட்டோ ஐம்பது ஆண்டு கழித்து யாருக்கும் பயன்படாது.

எழுத்துப் பிழை வருமே என்று பயப்பட வேண்டாம். பிழையைப் பிறகு திருத்தலாம். சொல்பவர் போய்விட்டால் கதையைத் திரும்பப் பெற முடியாது.

காந்தி படத்துக்காகச் செட்டியார் உலகத்தின் பாதியைச் சுற்றினார். நாம் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. பக்கத்து வீட்டுத் திண்ணை வரை போனால் போதும்.

இன்று சாயங்காலமே போகலாம்.

சிந்தித்துப் பேசுங்கள்

1. காந்தி வேடம் போட்டு நடித்த படத்துக்கும் செட்டியார் எடுத்த படத்துக்கும் என்ன வித்தியாசம்?

2. செட்டியாரின் தமிழ்ப் படம் ஏன் இன்று நமக்குக் கிடைக்கவில்லை? அவர் எழுதியது ஏன் கிடைக்கிறது?

3. உங்கள் குடும்பம் லிங்கராஜபுரத்துக்கு எந்த ஊரிலிருந்து, எந்த ஆண்டில் வந்தது? வீட்டில் யாருக்குத் தெரியும்?

செய்து பாருங்கள்

உங்கள் தெருவைப் பற்றிப் பத்து வரி எழுதுங்கள். கீழே உங்கள் பெயரையும் தேதியையும் எழுதுங்கள். மையத்தில் எல்லாருக்கும் வாசித்துக் காட்டுங்கள். மற்றவர்கள் எழுதியதையும் சேர்த்துத் தைத்து வையுங்கள். அதுதான் லிங்கராஜபுரத்துக்காரர்கள் எழுதும் லிங்கராஜபுரம் வரலாறு.